ஓணான் போட்ட இன்சூரன்ஸ்

பனைமரத்தில் கூடு கட்டி முடித்த தூக்கணாங்குருவியைத் தேடி ஓணான் வந்தது. கூடுகளுக்கு இன்சூரன்ஸ் போடுவது அதன் தொழில். தினம் ஒரு புழு கட்டினால் போதும். கூட்டுக்கு ஏதாவது ஆனால் புதுக்கூடு கிடைக்குமாம்.

"காத்துல விழுந்தா தருவீங்களாண்ணே?" என்று குருவி கேட்டது. ஓணான் தலையை ஆட்டியது.

"மழையில நனைஞ்சா? காக்கா பிச்சுப் போட்டா?"

எல்லாவற்றுக்கும் ஆட்டியது. இவ்வளவு தெளிவான ஏஜென்ட் யாருக்குக் கிடைப்பார் என்று குருவி பூரித்துப்போனது. குஞ்சுகளின் வாயில் வைத்த புழுவைக்கூடப் பிடுங்கி, ஒருநாள் தவறாமல் கட்டிவந்தது.

ஐப்பசியில் அடித்த காற்றில் கூடு பிய்ந்து குட்டையில் விழுந்தது. குஞ்சுகளை எப்படியோ ஒரு பனைமட்டையில் சேர்த்துவிட்டு, குருவி நனைந்த சிறகோடு ஓணானிடம் போய் நின்றது.

"காத்துல போச்சா, தண்ணியில போச்சா?" என்றது ஓணான்.

"காத்துதான் தண்ணியில தள்ளிச்சுண்ணே."

"ரெண்டும் கலந்தா நாங்க தர்றதில்ல தம்பி. அதுவும் கூட்டைத் தொங்கவிட்டுல்ல கட்டியிருக்கீங்க? தொங்குறது விழும்னு தெரியாதா?"

"அன்னிக்கு எல்லாத்துக்கும் தலையாட்டினீங்களே!"

"ஓணான்னா தலையாட்டாம இருக்குமா? வாயால எப்ப சரின்னு சொன்னேன்?"

குருவி வெகுநேரம் யோசித்தது.

"அடுத்த கூட்டுக்காவது எல்லாம் சேர்த்துக் கிடைக்குமாண்ணே?"

ஓணான் தலையை ஆட்டியது.

குருவிக்கு அப்பாடா என்றிருந்தது. உடனே புழு தேடக் கிளம்பியது.