ரப்பருக்கு என்ன வெட்கம்?

"திரையைத் திற! நான் என்ன துணிக்கடையிலயா உட்கார்ந்திருக்கேன், துணியையே பார்த்துக்கிட்டிருக்க?"

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து மைக்கில் கத்தினார் பேராசிரியர் ஹால்வர்சன். துலூத் நகரத்து அந்த நர்சிங் கல்லூரியில் பயிற்சிப் பொம்மைக்கு உயிர் கொடுப்பவர் அவர்தான். அவர் முனகினால் பொம்மை முனகும். அவர் பொத்தானை அழுத்தினால் செத்துப்போகும். கடவுளுக்கும் தமக்கும் சம்பளத்தில்தான் வித்தியாசம் என்பது அவர் எண்ணம்.

இன்றைய பொம்மை நெஞ்சுவலிக்காரி. கழுத்துவரை போர்வை, முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க். பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும். மாணவி டார்லாவுக்கு நாற்பத்தொரு வயது. முன்பு பள்ளிப் பேருந்து ஓட்டியவள். இரண்டு முறை தோற்றாயிற்று. மூன்றாவதும் போனால் படிப்பே போச்சு.

இரண்டு முறையும் தகராறு இதே திரையால்தான்.

"மார்புத் துணியை விலக்கி ஈசிஜி ஒயரை ஒட்டணும் சார். திரையை மூடாம செய்ய மாட்டேன்" என்றாள் டார்லா உள்ளிருந்து.

"அது ரப்பர்! ரப்பருக்கு என்ன வெட்கம்?"

"இவங்களுக்கு இருக்கு."

கல்லூரியைப் பார்க்க வந்து, கண்ணாடிக்குப் பின்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நன்கொடையாளர்கள் சிரித்துவிட்டார்கள். ஹால்வர்சனின் காது சிவந்தது.

"நான் பார்க்காததுக்கு மார்க் கிடையாது. போன தடவை இந்தத் திரைக்காக என் மேல காலேஜ் தலைவருக்கு மனு போட்டியே, பதில் வந்துச்சா?"

"வரும்."

"ஏழு நிமிஷம் ஆச்சு!"

"அதுல நாலு நிமிஷம் நீங்க பேசினது."

மைக்கும் கையுமாக அறைக்குள் பாய்ந்தார். டார்லா திரையிலிருந்து வெளியே வந்து, அதை மறுபடி மூடிவிட்டுக் குறுக்கே நின்றாள். பேருந்தின் கடைசி சீட்டில் ரகளை செய்யும் பையன்களுக்கென்று வைத்திருந்த அதே பார்வை.

"ஃபெயில்னே எழுதிக்கோங்க. இன்னும் நூறு தடவை வச்சாலும் மூடத்தான் செய்வேன்."

"ஃபெயில்!" என்றபடி திரையைப் பற்றினார்.

"கையை எடுங்க, ஹால்வர்சன்" என்றது பொம்மை.

அவர் மைக்கைப் பார்த்தார். அது அணைந்திருந்தது.

"ஈசிஜி அஞ்சாவது நிமிஷமே எடுத்தாச்சு" என்றது திரைக்குப் பின்னாலிருந்து கல்லூரித் தலைவரம்மாவின் குரல். "மனுவுக்குப் பதில் சொல்லணும்னா படுத்துப் பார்த்தாத்தான் தெரியும்னு, காலையிலயே உங்க ரப்பரை அலமாரில வச்சுப் பூட்டிட்டேன்."