அமாவாசை உப்பு

வாசலில் கல் முட்டுக் கொடுத்துத் தூக்கி நிறுத்திய பழைய காருக்கு அடியில், உரச்சாக்கை விரித்து மல்லாந்து கிடக்கிறான் நவநீதன். காலையிலிருந்து துருவைச் சுரண்டியதில் இமையெல்லாம் செந்தூள். துரு ஏறாமலிருக்க அவன் அப்புகிற கறுப்பு பெயின்ட் முழங்கை வழியாக அக்குளுக்கு ஒழுகுகிறது. நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சல் தரைக்குள் புகுந்து முதுகில் அதிர்கிறது. டிரைவர் சீட்டுக்கு முன்னால், கால் வைக்கிற இடத்தில், பிரஷ் பொசுக்கென்று உள்ளே போகிறது. தகரம் அப்பளமாக உதிர்ந்து, அதோடு ஈரத்தில் ஊறிய துணி முடிச்சு ஒன்று அவன் நெஞ்சில் விழுகிறது. பிரித்தால் கல்லுப்பு. “சுகுணா! இது என்னடி?” என்று அடியிலிருந்தே கத்துகிறான். “அமாவாசைக்கு அமாவாசை உங்களுக்குச் சுத்தி, சீட்டுக்கு முன்னால ரப்பர் மேட்டுக்கு அடியில வெக்கறதுங்க. தெனமும் வண்டிங்க கவுர்ற அந்தத் தொப்பூர் கணவாய் எறங்கிப் போறீங்களே, கண்ணு படக் கூடாதுன்னுதான்,” என்கிறாள் மனைவி. “அடிப்பாவி! துருவுக்குப் பயந்து நான் கீழ பெயின்ட் அடிச்சிட்டுக் கெடக்கறேன், நீ மேல உப்பு போட்டு ஊற வெக்கறியா?” கார்க் கதவு திறக்கிறது. அவள் ரப்பர் மேட்டைத் தூக்கியதும் ஓட்டை வழியாக வெயில் அவன் முகத்தில் இறங்குகிறது. வெயிலுக்கு நடுவில் அவள் வளையல் கை, கையில் புது முடிச்சு. இன்றைக்கும் அமாவாசை. “வண்டி ஓட்டையானா என்னங்க? நீங்க முழுசா வூடு வந்து சேந்தீங்களா, இல்லியா?” அவன் பதில் சொல்ல வாயைத் திறக்கிறான். ஒரு கல்லுப்பு நேராக நாக்கில் வந்து விழுகிறது.