கிட்னிப் பங்காளி

“அவன் எப்படி இருக்கான் சிஸ்டர்? என்னைவிட மோசம்தானே?”

ரத்தம் எடுக்கச் சட்டைக் கையை மடக்கும்போதே டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் ஆரம்பித்துவிட்டார்.

“முதல்ல வாயைக் கழுவுங்க!” மனைவி தலையில் அடித்துக்கொண்டார். “முகம் தெரியாத மனுஷன் மேல இப்படியா பொறாமைப்படுவாங்க?”

“முகம் தெரியாட்டி என்ன? பங்காளிடி அவன்!”

ஒரு வகையில் பங்காளிதான். யாரோ ஒரு புண்ணியவான் போகிறபோது கொடுத்துவிட்டுப் போனது இரண்டு கிட்னி. ஒன்று மாஸ்டருக்கு. இன்னொன்று வேறு ஊர் ஆஸ்பத்திரியில் வேறு யாருக்கோ.

பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து ஓர் ஆராய்ச்சி நடத்துகின்றன. மாற்றி வைத்த கிட்னி எங்கே நன்றாக உழைக்கிறது, எங்கே படுத்துவிடுகிறது, ஏன் என்று பார்க்கிற ஆராய்ச்சி. ஒரே உடம்பிலிருந்து வந்த ஜோடி கிடைத்தால் விடவே மாட்டார்கள். ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள்.

மாஸ்டர் ஆரம்பத்தில் நினைத்தால் மாத்திரை போடுவார், மறந்தால் விட்டுவிடுவார். கேட்டால், “நல்லாத்தானே இருக்கேன்!” சிஸ்டர் கெஞ்சிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார். கடைசியில் ஒருநாள் வாய் தவறி வந்துவிட்ட மாதிரி, “உங்க ஜோடிக் கிட்னிக்காரருக்கு ரத்தத்துல உப்பு உங்களைவிடக் கம்மி மாஸ்டர், கிட்னி நல்லா வடிகட்டுது” என்றார்.

அவ்வளவுதான். ரோட்டில் ஒரு மொபெட் முந்தினாலே மூக்கு சிவக்கிற ஆசாமி. மறுநாளிலிருந்து மாத்திரை, தண்ணீர், நடை எல்லாம் டாண் டாண் என்று நடந்தது. அந்த ஊர் சிஸ்டரும் இதே வைத்தியத்தை அங்கே ஆரம்பித்துவிட்டார். பேர் ஊர் எதுவும் கிடையாது. யார் முந்துகிறார் என்ற சேதி மட்டும் போகும், வரும்.

“போன தடவை நீங்க முந்தினதை அவர்கிட்ட சொன்னாங்களாம். ‘அடுத்த தடவை பார்த்துக்கறேன்’னு முறைச்சாராம்” என்றார் சிஸ்டர், ஊசியை உருவிக்கொண்டே.

“கிழிப்பான்!” மாஸ்டருக்கு வாயெல்லாம் பல். “வயிறு எரிஞ்சிருக்குமே!”

மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

மத்தியானம் ரிப்போர்ட் வந்தது. சிஸ்டர் முகமே சரியில்லை.

“மாஸ்டர்... உப்பு ஏறியிருக்கு. உங்க உடம்பு கிட்னியை ஏத்துக்காம மல்லுக்கட்டுது. இன்னைக்கே அட்மிட் ஆகணும்னு டாக்டர் சொல்றார். ஊசி போட்டா நிறைய பேருக்கு அடங்கிடும், பயப்படாதீங்க.”

மனைவி பையிலிருந்த மாத்திரை டப்பாவை எடுத்து நீட்டினார். “வேளை தவறாம மாத்திரை போட்டாரே சிஸ்டர்!”

“அவர் மேல தப்பே இல்லம்மா. சிலருக்கு இப்படி ஆயிடும்.”

மாஸ்டர் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்:

“அவனுக்கு?”

சிஸ்டர் தயங்கினார். பொய் சொல்ல வாய் வரவில்லை.

“அவருக்கு நல்லா குறைஞ்சிருக்கு. இவ்வளவு நல்லா இதுவரைக்கும் வந்ததில்ல.”

“ஏங்க, உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்” என்று மனைவி கையைப் பிடித்தார். “இந்த நேரத்துலயாவது அந்த மனுஷனைத் திட்டாதீங்க.”

மாஸ்டர் திட்டவில்லை. சிஸ்டரைக் கிட்டே வரச் சொன்னார்.

“ஆராய்ச்சிக்கு உள்ளது உள்ளபடி எழுதிக்குங்க சிஸ்டர். ஆனா அவன்கிட்ட மட்டும், இந்தத் தடவையும் நான்தான் முன்னாடி போறேன்னு சொல்லச் சொல்லுங்க. ஜெயிச்சாச்சுன்னு தெரிஞ்சா அந்தப் பய மாத்திரையை விட்டுத் தொலைச்சுடுவான்.”