நடுரோட்டில் இறக்கிய பாடை

அப்பாவின் பாடைக்கு முன்பக்கம் தோள் கொடுத்து நடந்தான் தணிகாசலம். தெருமுனையில் சாவு வெடியைப் பற்றவைத்தார்கள். துப்பாக்கிச் சத்தம் எங்கே கேட்டாலும் இடத்தைக் காட்டிக்கொடுக்க விளக்குக் கம்பத்தில் போலீஸ் மாட்டியிருந்த காதுப்பெட்டி உடனே விழித்துக்கொண்டது. வெடி உண்டென்று முன்பே ஸ்டேஷனில் சொல்லியிருக்க வேண்டும். அழுகையில் அவன் மறந்துவிட்டான்.

போலீஸ் ட்ரோன் தலைக்கு மேல் வந்து நின்றது. அதன் ஒலிபெருக்கியில் ஒரு குரல் அதட்டியது: “எல்லாரும் கையைத் தூக்குங்க.”

“வேணாம்டா. தோள்ல ஏத்துனவரை நடுரோட்டுல எறக்கக் கூடாது,” என்றார் பின்னால் சுமந்த சித்தப்பா.

“சுட்டுருவாங்க சித்தப்பா. எறக்குங்க.”

தார் ரோட்டில் அப்பாவை இறக்கிவிட்டு, முதல் ஆளாகக் கையைத் தூக்கினான். சித்தப்பாவின் கைகள் கடைசியாக உயர்ந்தன.

கொஞ்ச நேரத்தில் குரல் தணிந்தது. “வெறும் வெடிதான். மன்னிக்கவும், நீங்க போகலாம்.”

ட்ரோன் போன பிறகும், நின்றுபோன பறை மறுபடி ஒலிக்கவில்லை. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தணிகாசலம் பாடையைத் தூக்கக் குனிந்தான். கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிய அப்பாவின் கைகள் நெஞ்சின் மேலேயே கிடந்தன. அந்தத் தெருவில் கையைத் தூக்காதவர் அவர் ஒருவர்தான்.

ஏற்கெனவே மூடியிருந்த அந்தக் கண்களின் மேல் அவன் மாலையை இழுத்துவிட்டான்.