இடப்பக்கம் இழுக்கும் துப்பாக்கி

இராஜபாளையத்தில், துப்பாக்கி பழுதுபார்க்கும் அப்துல் ஹமீதின் பட்டறைக்குப் பின்னால் வெயில் சாய்கிறது. மேசையில் பொருத்திய வைஸ் இடுக்கியில் மில் முதலாளி வேங்கடேசனின் கைத்துப்பாக்கி இறுக்கப்பட்டிருக்கிறது. எதிரே ஒரு பஞ்சுப் பொதி, அதில் கரியால் போட்ட வட்டம். "துப்பாக்கி கிளப்புல அம்புட்டு பேரும் சொல்லுதாவ, பாய். இந்த மாடலே இடப்பக்கம் இழுக்குமாம். எனக்கும் போன வாரம் குறி தப்பிட்டு," என்கிறார் வேங்கடேசன். "சுடத் தெரியாதவிய சொல்றதையெல்லாம் நம்பாதீக, முதலாளி." ஹமீது சிரித்துக்கொண்டே குறியைச் சரிபார்த்து விசையை இழுக்கிறார். ஓட்டுக் கூரையிலிருந்து புறாக்கள் சடசடவென்று எழும்புகின்றன. வட்டத்தின் நட்டநடுவில் ஒரு துளை. வேங்கடேசன் போய் அதற்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்க்கிறார். "அப்ப துப்பாக்கி மேல குத்தமில்ல," என்கிறார் மெதுவாக. "கடைசி நேரத்துல அவன்தான் வெலகியிருக்கான்." அவருடைய சட்டைப்பையில் தோட்டாக்கள் உரசிக்கொள்கின்றன. ஹமீதின் சிரிப்பு நின்றுவிட்டது. கை மட்டும் துப்பாக்கி மேலேயே இருக்கிறது. "இல்ல முதலாளி," என்கிறார், "அம்புட்டு பேரு சொன்னா பொய்யாவா இருக்கும்? ரெண்டு நாள் இங்கன கெடக்கட்டும்." வேங்கடேசன் வைஸின் கைப்பிடியைத் திருகித் துப்பாக்கியைக் கழற்றத் தொடங்குகிறார்.