ஈரத்துண்டு

தீ வளையம் ஆடக் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் ரோஸ்லின் முதல் நாளே சொல்லிவிடுவாள்: பருத்தி உடைதான் உடுத்த வேண்டும், கூந்தலை இறுக்கிக் கட்ட வேண்டும், ஈரத்துண்டோடு ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். அந்த ஒருவரை ஆடுகிறவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். யாமினி தன் கணவன் செழியனைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

“சார், நீங்க தீயை மட்டும் பாருங்க. அவங்க முகத்தைப் பார்க்காதீங்க,” என்று சொல்லி ரோஸ்லின் துண்டைப் பிழிந்து அவன் கையில் கொடுத்தாள்.

ஒரு மாதமாக வெறும் வளையத்தைச் சுழற்றிப் பழகியவளுக்கு இன்றுதான் முதன்முறையாக அதன் விளிம்பில் கட்டிய திரிகளைப் பற்றவைத்தார்கள். துணி கிழிவது போன்ற சத்தத்தோடு நெருப்பு அவள் இடுப்பைச் சுற்றி ஓடியது. யாமினி சிரித்தாள். நான்காவது சுற்றில் அவள் முதுகில் ஒரு பொறி ஒட்டியது. அது அவளுக்குத் தெரியவில்லை. செழியனுக்குத் தெரிந்தது. பொறி காசளவுக்குப் பெரிதான பிறகும் அவன் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. எண்ணெய் டின்னை மூடிவைக்கப் போயிருந்த ரோஸ்லின்தான் ஓடிவந்து, துண்டைப் பிடுங்கி அவள் முதுகில் அழுத்தினாள்.

“ஏன் சார் போடல?”

“இவளுக்கு எப்பதான் பயம் வரும்னு பார்த்தேன்.” சாதாரணமாகத்தான் சொன்னான்.

யாமினி வளையம் அணைந்து ஆறும்வரை காத்திருந்தாள். துண்டை வாளியில் முக்கி, நிதானமாகப் பிழிந்தாள். பிறகு திரிகளை மறுபடி எண்ணெயில் நனைத்து, வளையத்தை அவனிடம் நீட்டினாள்.

“நீங்க ஆடுங்க. நான் துண்டு பிடிக்கிறேன்,” என்றாள், அவன் முகத்தையே பார்த்தபடி.