சுவரைப் பார்த்த திருகு

கை உள்ளே போகிறது. திருப்புளி போகவில்லை.

திருப்புளி போனால் கைக்கு இடமில்லை.

எஞ்சினுக்கும் பின்னாலிருக்கும் தகரச் சுவருக்கும் நடுவே, எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிற ரப்பர் ஹோஸ். வெடித்துவிட்டது. முன்முனையைக் காலையிலேயே கழற்றிவிட்டாள். பின்முனையை இறுக்கிய கிளிப்பின் திருகு, சுவரைப் பார்த்து இருக்கிறது.

எந்த மடையன் இப்படி மாட்டுவான்?

தெரியும். எஞ்சினைக் கீழே இறக்கியிருந்தபோது மாட்டியது. அப்போது எந்தப் பக்கம் வைத்தாலும் எட்டும். மாட்டியவன் அவள் கொழுந்தன் மொக்கராசு. இதோ, அவள் ஜீப்பின் மட்காடில் சாய்ந்து நிற்கிறான்.

"எஞ்சினை இறக்காம ஆகாது மதினி. பத்து நாளாயிரும். அதுவரைக்கும் எஸ்டேட் டிரிப்பை என் வண்டிக்கு விட்டுருங்க."

பத்து நாள் கழித்து அந்த டிரிப் திரும்பி வராது. அவள் புருஷனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்றே கேட்டான். இன்னும் கேட்கிறான்.

ஏலத்தோட்டத்துக்குப் போகவேண்டிய பதினோரு பெண்கள் ரோட்டோரம் குத்தவைத்திருந்தார்கள்.

அவள் கையை மறுபடி திணித்தாள். விரல்முட்டித் தோல் உரிந்தது. வந்த ஆத்திரத்தில் ஹோஸையே பிடித்து முறுக்கினாள்.

கொஞ்சம் திரும்பியது. நின்றுவிட்டது.

இன்னொரு முறை. அதே இடத்தில் நின்றது.

கிளிப் திரும்புகிறது. ஹோஸின் வளைவுதான் எஞ்சினில் போய் முட்டுகிறது.

குப்பையில் போடப்போகிற ஹோஸ். அதையா இவ்வளவு நேரம் சேதமில்லாமல் எடுக்கப் பார்த்தாள்?

ரோட்டோரம் இருந்த பெண்களில் மூத்தவளான ஒச்சம்மாவிடம் கை நீட்டினாள். கிளை கழிக்கும் கவாத்துக் கத்தியைக் கொடுத்த ஒச்சம்மா மொக்கராசுவை ஒரு பார்வை பார்த்தாள்.

"கத்தி ஹோஸுக்குத்தானே தாயி?"

பதினோரு பேரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

கிளிப்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி அறுத்தாள். வளைவு கையோடு வந்தது. மிச்சம் குட்டைத் துண்டு. அது முட்ட ஒன்றுமில்லை. பிடித்துத் திருப்பினாள். கிளிப்பும் சேர்ந்து சுற்றியது. திருகு மேலே வந்தது. திருப்புளியால் தளர்த்தித் துண்டை உருவினாள்.

புது ஹோஸை மாட்டி, திருகு தன்னைப் பார்க்கும்படி வைத்து இறுக்கினாள். தண்ணீர் ஊற்றினாள். வண்டியைக் கிளப்பிச் சூடேறும்வரை குனிந்து பார்த்தாள். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

பெண்கள் ஏறினார்கள்.

"எஞ்சினை இறக்காம எப்படிக் கழட்டுனீங்க?" மொக்கராசு ஜன்னலோரம் வந்து நின்றான்.

அவள் கியரைப் போட்டாள்.

"கழட்டலை. அறுத்துட்டேன்."